புளிப்பு மண்ணில் யார் வேலை?

எருவில் உண்டாகும் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றி வாழும் மண் கிருமியை 1890-ல் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தார். அவ்வினக் கிருமிகளைப் புளிப்பு நீரில் விட்டால் வளரவில்லை. புளிப்பு மண்ணிலோ அந்த வேலை நடந்துகொண்டேயிருந்தது!

நமது சாஸ்திரிகளாயிருந்தால் "பூமாதேவி கடாட்சம்" என்று தட்சணை கேட்டிருப்பார்கள். விஞ்ஞானிகள் தேடினார்கள். ஸ்காட்லாந்தில் அபர்டீன் வயல் மண்ணிலிருந்து வளர்த்தெடுத்து 2011-ல் வெளியிட்டார்கள். பெயர் நைட்ரோசோடேலியா தேவனதெர்ரா. பெயரில் தேவன் இருக்கிறானென்று பக்தர்கள் குதிக்க வேண்டாம்; தேவனா என்பது அவ்வூரின் லத்தீன் பெயர். இது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்னும் வேறு இனம். பி.எச். 4 முதல் 5.5 வரையுள்ள புளிப்பில்தான் வளரும்.

பிரம்மா எழுதிய தலையெழுத்தை எவனும் படித்ததில்லை. இந்த நுண்ணுயிரின் ஜீன் ஏட்டை 2016-ல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். புளிப்பைத் தாங்க உதவக்கூடிய அயனிக் கடத்திகளின் ஜீன்கள் அதில் அகப்பட்டன.