செவி வழிச் செல்லும் எழுத்து

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

துறவியர் உறையும் இடத்தையும் பிள்ளைகள் பயிலும் இடத்தையும் தமிழ் ‘பள்ளி’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. நன்னூல் அருளிய பவணந்தி முனிவரின் மரபைப் போற்றும் சமூகத்திற்கு, ஒரு குழந்தை முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிகழ்வு சிறிய செய்தி ஆகாது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியை நோக்குவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010 இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஏரியும் நெல்வயலுமாக இருந்த ஊர்களைச் சுற்றித் தொழிற்பேட்டைகள் எழுந்தன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வந்தனர். குடும்பத்தோடு வந்தோரின் பிள்ளைகள் அருகிலுள்ள அரசுத் தொடக்கப்பள்ளியில் சேர்கின்றனர். உழவர் மகனும் ஒடிசாத் தொழிலாளியின் மகளும் ஒரே பாயில் அமர்ந்து ‘அ, ஆ’ பயில்கின்றனர்.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. குறியீடுகளை அறிந்தால் பெரும்பாலானவை தாமே விளங்கும். ஆயினும், ‘கு, சு, டு, பு’ என்பவற்றில் உகரக் குறி ஒரே வடிவில் இல்லை. ‘கெ’ என்பதில் வாய் ககரத்தை முதலில் ஒலிக்க, கண்ணோ ஒற்றைக் கொம்பை முதலில் காண்கிறது.

இவற்றினும் நுட்பமானது ஒலி வேறுபாடு. ‘பம்பரம்’ என்னும் சொல்லில் முதற் பகரம் வன்மையாகவும், மகரத்தை அடுத்து வரும் பகரம் மென்மையாகவும் ஒலிக்கின்றன. எழுத்து ஒன்றே, ஒலி இரண்டு. தமிழ்க் குழந்தைக்கு இது தடையன்று. பம்பரம் என்னும் சொல் முன்னரே அதன் காதில் உள்ளது. இந்தியிலும் ஒடியாவிலும் அவ்விரு ஒலிகட்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஆதலின் அம்மொழி பேசும் குழந்தை எழுத்தை மட்டும் நம்பிப் படித்தால் திகைத்து நிற்கும். சொல்லைச் செவியால் அறிந்தவர்க்கே எழுத்து முழுமையாகத் துணை செய்யும்.

தமிழ்க் குழந்தைக்கும் இதில் ஓரளவு பங்கு உண்டு. வீட்டில் ‘தண்ணி’, நூலிலோ ‘தண்ணீர்’. பெற்றோர் இருவரும் ஆலைப் பணிக்கு முறை மாற்றிச் செல்லும் இல்லத்தில், கதை சொல்லவும் படித்துக் காட்டவும் நேரம் வாய்ப்பதில்லை.

தமிழக அரசு இத்துறையில் வாளா இருந்ததில்லை. ரிஷிவேலியில் உருவான முறையைத் தழுவி, 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று; பின்னர் மாநிலமெங்கும் பரவிற்று. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் இழப்பை ஈடுசெய்ய, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பெற்றது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலையால் பிரித்துக் கற்பிப்பது அதன் முறை. வகுப்பைப் பாராது நிலையைப் பார்ப்பது நல்ல நெறி. தந்தையின் ஒப்பந்தப் பணி மாறி, ஆண்டின் இடையில் வந்து சேரும் பிள்ளைக்கும் அதில் இடம் உண்டு.

எனினும் ஒன்று கருதத்தக்கது. மொழி அறிந்து எழுத்தறியாத குழந்தையும், மொழியே அறியாத குழந்தையும் அரும்பு நிலையில் ஒருங்கே அமரக்கூடும். இருவர் தேவையும் ஒன்றன்று. முன்னவனுக்கு எழுத்துப் பயிற்சி போதும். பின்னவளுக்கோ முதலில் பேச்சு வேண்டும்; பாட்டும் கதையும் விளையாட்டும் வேண்டும். அவள் தண்ணீரைத் தன் மொழியில் ‘பாணி’ என்று சொல்லட்டும். ஆசிரியர் அதனை ஏற்று, ‘தண்ணீர்’ என்பதையும் பழக்கட்டும். அவ்வாறன்றி உடனே எழுத்தட்டையை நீட்டினால், அவள் பொருளறியாது ஒலிப்பாள். ‘மந்தம்’ என்னும் பெயரைச் சுமப்பாள். மூன்றாம் வகுப்பைக் கடந்தபின் எல்லாப் பாடமும் படித்தறிய வேண்டியவையே. படிக்க இயலாத பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் மூடிய கதவுகளே.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர் இருவர். அவ்விருவரே ஐந்து வகுப்புகளையும் நடத்த வேண்டும். ஒவ்வொரு குழந்தையோடும் நாள்தோறும் கால் மணி நேரம் பேச அவர்களால் எவ்வாறு இயலும்? குறை அவர்களுடைய ஊக்கத்தில் இல்லை.

ஆகவே ஊரார் துணை வேண்டும். அதே சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவை வகுத்துள்ளது. தலைமையாசிரியரின் இசைவோடும் அக்குழுவின் வழியாகவும், ஓய்வு பெற்ற பெரியோர் வாரம் இருமுறை சென்று படக்கதைகளை உரக்கப் படித்துக் காட்டலாம். பொருள் உடையோர் பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறுநூல்களை வழங்கலாம். நூல்கள் பூட்டிய அலமாரியில் கிடவாமல் பிள்ளைகளின் கைக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளலாம். தம் மொழியில் கதை சொல்ல வடபுலத்துத் தாய்மாரையும் ஒரு நாள் அழைக்கலாம்.

அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானம் இல்லறத்தார்க்கு உரியது என்பது இங்குள்ள சிறுவரும் அறிந்ததே. சாத்திர தானம் ஏடு படி எடுத்துக் கொடுப்பதோடு முடிவதில்லை; அவ்வேட்டைப் படிக்கும் ஆற்றலை வழங்குவதும் அதனுள் அடங்கும். எங்கிருந்தோ வந்த தொழிலாளியின் மகள், ஒரு நாள் ‘பம்பரம்’ என்று பிழையறப் படித்து, பொருளும் அறிந்து சிரிப்பாளாயின், அத்தானம் உரிய இடத்தைச் சேர்ந்தது எனலாம்.