கொடுத்தவரை அறிவோம்

(வானொலி மறையுரை. ஆண்டின் பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. வாசகங்கள்: 1 அரசர்கள் 17:10-16; எபிரேயர் 9:24-28; மாற்கு 12:38-44)



இன்றைய வாசகங்களில் இரண்டு கைம்பெண்களைச் சந்திக்கிறோம். ஒருவர் சாரிபாத்து ஊரைச் சேர்ந்தவர். அவரிடம் இருந்தது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். மற்றவர் எருசலேம் கோவிலுக்கு வந்தவர். அவரிடம் இருந்தது இரண்டு செப்புக் காசுகள். இருவரும் இருந்ததைக் கொடுத்தார்கள். இருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு வறியோர் உலக நாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் ஏற்படுத்தி, 2017 முதல் திருஅவை கொண்டாடி வரும் நாள் அது. அன்று பல பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் தங்கள் ஆண்டுக் கணக்கை வாசிப்பார்கள். உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்வார்கள். சிலருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்பது சின்ன கேள்வி போலத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதில் ஒருமுறை தவறியும் இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடற்கரை ஊரில் பங்குத்தந்தையாக இருந்தேன். பங்கின் வின்சென்ட் தே பவுல் சபை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும், நோயாளிகளின் மருந்துக்கும் உதவி வந்தது. நிதி போதவில்லை. பெயர் பொறித்துக் கல் வைத்தால் நன்கொடை கூடும் என்று சபையார் சொன்னார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். ஆலய நுழைவாயிலில் கருங்கல் பலகை ஒன்றைப் பதித்தோம். மேல் வரிசையில் 25,000 ரூபாயும் அதற்கு மேலும் கொடுத்தவர்கள். அடுத்து 10,000. கடைசி வரிசையில் 5,000. மொத்தம் 22 பெயர்கள். நிதியும் கூடியது. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பங்கில் மீன் விற்கும் அம்மா ஒருவர் இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் சபைப் பொருளாளரிடம் 10 ரூபாய் கொடுத்துவிட்டுப் போவார். கல் வைத்த சில வாரங்களில் என்னைத் தேடி வந்தார். சபையின் உபகாரிகளுக்காக மாதத்தின் முதல் வெள்ளியன்று நாங்கள் திருப்பலி ஒப்புக்கொடுத்து வந்தோம். அதைப் பற்றித்தான் கேட்டார்.

"சாமி, கல்லுல பேரு இருக்கவங்களுக்கு மட்டுந்தான் பூசையா?"

"இல்லம்மா, எல்லாருக்கும்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஒரு திருமண ஆயத்தத்துக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தேன். "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் இறந்தார். அடக்கப் பதிவேட்டை நிரப்பியபோதுதான் அவருடைய திருமுழுக்குப் பெயரை முதன்முதலாக அறிந்தேன். அன்று மாலை சபையின் பழைய கணக்கு நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே வரி: "மீன்கார அம்மா – ரூ.10." புயல் காலத்திலும் மீன்பிடித் தடைக்காலத்திலும் 5 ரூபாய் என்று இருந்தது. கடலுக்குப் போகத் தொடங்கியதும் 15 ரூபாய் என்று இருந்தது. விட்டுப்போன ஐந்தைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்! யாரும் கேட்காத பணத்தைத் தன் கடனாக நினைத்து அடைத்திருக்கிறார்.

கூட்டிப் பார்த்தேன். ஆண்டுக்கு 520 ரூபாய். 11 ஆண்டுகளில் 5,720 ரூபாய். எங்கள் கல்லின் கடைசி வரிசைக்கான தொகையைவிட அதிகம். எங்கள் அளவுகோல்படியே பார்த்தாலும் அவர் பெயர் அந்தக் கல்லில் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் என்னை உறுத்தியது அது அல்ல. அவர் கல்லில் இடம் கேட்கவே இல்லை. செபத்தில் தனக்கு இடம் உண்டா என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் மனத்தில் எழுப்பியது நான் வைத்த கல்.

அன்பார்ந்தவர்களே, "வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்றுதானே ஆண்டவர் போதித்தார்? பிறகு நன்றி எதற்கு, பெயர் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். மத்தேயு 6ஆம் அதிகாரத்தைக் கவனமாக வாசியுங்கள். தம்பட்டம் அடிக்காதே, மறைவாகக் கொடு என்று ஆண்டவர் யாரிடம் சொல்கிறார்? கொடுப்பவரிடம் சொல்கிறார். பெற்றுக்கொண்டவரிடம் மறந்துவிடு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. லூக்கா 17ஆம் அதிகாரத்தில் நலமடைந்த தொழுநோயாளர் பத்துப் பேரில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்டவரும் அவர்தான். மறைப்பது கொடுப்பவரின் கடமை. நினைவில் வைப்பது பெற்றவரின் கடமை. பெற்றவர் கொடுப்பவரின் வேலையைச் செய்து, "அவர் மறைவாகத்தானே கொடுத்தார்" என்று மறந்துவிட்டால் அந்த ஒன்பது பேரில் ஒருவராகிவிடுகிறார்.

நம் தமிழ் மரபும் இதை அறியும். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. அறிதல் என்றுதான் இருக்கிறது, அறிவித்தல் என்று இல்லை. ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு, அறியாமலே இருந்துவிட நம்மால் முடியும். நான் அதைத்தான் செய்தேன்.

அறிந்து நன்றி சொல்வது எப்படி என்று தூய பவுல் காட்டுகிறார். பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரம் ஒரு நன்றிக் கடிதம் போலவே இருக்கிறது. மாசிதோனியாவை விட்டுப் புறப்பட்டபோது தமக்கு உதவிய திருச்சபை அவர்களுடையது மட்டுமே என்கிறார். தெசலோனிக்காவில் இருந்தபோது ஒருமுறைக்கு மேல் உதவி அனுப்பினார்கள் என்கிறார். இந்த முறை அதைக் கொண்டுவந்தவர் எப்பப்பிராதித்து என்கிறார். எப்போது, எங்கே, எத்தனை தடவை, யார் கையால் என்று அத்தனையும் அவருக்கு நினைவிருக்கிறது. எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. அந்தக் கொடையைக் கடவுளுக்கு உகந்த நறுமணப் பலி என்று போற்றுகிறார்.

லூக்கா 8ஆம் அதிகாரத்திலும் அப்படித்தான். மகதலா மரியா, கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா, இன்னும் பல பெண்கள் தங்கள் உடைமைகளைக் கொண்டு இயேசுவுக்கும் சீடர்களுக்கும் பணிவிடை செய்தார்கள். பெயர்கள் இருக்கின்றன, தொகை இல்லை. திருத்தூதர் பணிகள் 4ஆம் அதிகாரத்தில் பர்னபா நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவருகிறார். அங்கேயும் பெயர் இருக்கிறது, விலை இல்லை. இன்றைய நற்செய்தியிலோ தொகை சொல்லப்படுகிறது. அங்கு போடப்பட்டவற்றிலேயே மிகச் சிறிய தொகை அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்த ஆண்டவர் சீடர்களை அழைத்து அந்தக் கைம்பெண்ணைப் பற்றிப் பேசுகிறார். சீடர்கள் நாளைக்குத் திருச்சபையை வழிநடத்தப் போகிறவர்கள். மக்களின் காணிக்கை அவர்கள் காலடியில் வைக்கப்படும். சற்று முன்புதான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரைக் கண்டித்திருக்கிறார். ஆகவே இந்தப் பகுதி, கைம்பெண்ணுக்குப் பாராட்டு என்பதோடு, காணிக்கையைக் கையாளும் எங்களுக்கு எச்சரிக்கையும்கூட. யாருடைய பணம் உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள் என்கிறார் ஆண்டவர்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. தொடக்கக் காலத்தில் காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்களை வழிபாட்டில் வாசிக்கும் வழக்கம் இருந்தது. இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று திருத்தொண்டர் வாசிப்பதையும், மக்களின் கைதட்டலில் கொடுத்தவர்கள் மகிழ்ந்து போவதையும் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித எரோணிமுஸ் தம் எசேக்கியேல் விளக்கவுரையில் கடிந்துகொள்கிறார். ஆனால் திருஅவை பெயர்களை நீக்கிவிடவில்லை. திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் 416இல் எழுதிய மடலில், காணிக்கைகளை முதலில் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுப் பிறகு மறைநிகழ்வுகளுக்குள்ளே அந்தப் பெயர்களைச் சொல்லும்படி கூறினார். பெயர் அப்படியே இருந்தது. கைதட்டலுக்காக அல்லாமல் கடவுள் முன்னிலையில் நினைவுகூரப்பட்டது. இன்றும் முதலாம் நற்கருணை மன்றாட்டில் வாழ்வோரை நினைவுகூரும் இடத்தில் குரு கைகளைக் குவித்து, தாம் யாருக்காக மன்றாட விரும்புகிறாரோ அவர்களுக்காகச் சற்று நேரம் செபிக்கிறார். அந்தச் சிறிய மௌனத்துக்கு இத்தனை நீண்ட வரலாறு உண்டு.

வின்சென்ட் தே பவுல் சபையும் இந்த ஞானத்தைத் தன் வழக்கத்திலேயே வைத்திருக்கிறது. 1833இல் பாரிசு நகரில் 20 வயது மாணவரான அருளாளர் பிரெடரிக் ஓசானாமும் அவருடைய நண்பர்களும் இச்சபையைத் தொடங்கினார்கள். இன்றும் சபைக் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு வெளியே எடுப்பார்கள். இருப்பவர் போடுவார். இல்லாதவர் வெறுங்கையை விட்டு எடுப்பார். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிவார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான்.

கல்லில் பெயர் பொறித்தவர்களை நான் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மேல் வரிசையில் உள்ள பெயர்களில் ஒன்று, கடலில் இறந்துபோன ஓர் இளைஞனுடையது. மகன் பெயர் எங்காவது நிலைக்கட்டும் என்று அவனுடைய தாய் தகப்பன் நகையை விற்றுக் கொடுத்த பணம் அது. அதைப் பெருமை என்று யாரால் சொல்ல முடியும்? அதனால்தான் அந்தக் கல்லை நான் அகற்றவில்லை. தவறு பெயர்களில் இல்லை. தொகையைப் பார்த்து நான் பிரித்த வரிசையில்தான் இருந்தது.

அதன் பிறகு நான் பணியாற்றிய பங்குகளில் சில காரியங்களைக் கடைப்பிடித்து வருகிறேன். உங்கள் பங்கிலும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, 10 ரூபாய் கொடுத்தாலும் பெயர் கேட்டு ரசீது எழுதுங்கள். 'கடைக்காரர்', 'மீன்கார அம்மா' என்று எழுதாதீர்கள். பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னால் அதை மதியுங்கள். ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு.

இரண்டாவது, பெயர்களைத் தொகை இல்லாமல் அகர வரிசையில் ஒரு நோட்டில் எழுதி, உபகாரிகளுக்கான திருப்பலியில் பீடத்தின் அருகே வையுங்கள். இறந்தவர்களின் பெயரை அடித்துவிடாதீர்கள்.

மூன்றாவது, கொடுத்த பணம் என்ன ஆனது என்று அவரவரிடம் சொல்லுங்கள். அந்த மீன்கார அம்மாவின் தெருவிலேயே ஒரு பெண் பிள்ளை எங்கள் நிதியில் செவிலியர் படிப்புப் படித்தாள். அடக்கத்துக்கு அவளும் வந்திருந்தாள். தன் படிப்பில் அந்தப் பாட்டியின் பத்து ரூபாய் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தன் பத்து ரூபாய் ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தது என்று பாட்டிக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லாமலே, "உங்க காசுல ஒரு பிள்ளை நர்சு ஆகிட்டாம்மா" என்று நாங்கள் சொல்லியிருக்கலாம்.

நான்காவது, கொடுத்தவரைப் பெருமைப்படுத்தப் பெற்றவரை மேடை ஏற்றாதீர்கள். அரிசிப் பையை ஒருபுறம் கொடையாளரும் மறுபுறம் ஏழையும் பிடித்தபடி எடுக்கும் படம் நமக்குப் பழகிப்போய்விட்டது. நாளை பள்ளியில் தன் நண்பர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பார்களே என்று கூசும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அதேபோல, அதிகம் கொடுத்தவர் யாருக்கு உதவ வேண்டும் என்று தீர்மானிப்பவராகவும் ஆகிவிடக் கூடாது. உதவி தேவையைப் பார்த்துப் போக வேண்டும், சிபாரிசைப் பார்த்து அல்ல.

கடைசியாக, கொடுக்கிற உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் பெயரை யாரும் வாசிக்கவில்லை என்பதற்காகக் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் மறந்திருந்தால் அது எங்கள் குறை. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே ஆண்டவர் இன்னும் அமர்ந்திருக்கிறார்.

அந்த அம்மாவின் பெயரை இப்போது வானொலியில் சொல்லப் போவதில்லை. அவர் உயிரோடு இருந்தபோது, அந்த வாசலில் நின்று, அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய பெயர் அது. இப்போது பீடத்தின் முன் கைகளைக் குவிக்கும்போது சொல்கிறேன். இந்த வாரம் உங்களுக்கு உதவிய ஒருவரை, அல்லது உங்கள் பங்கின் ஏழைகளுக்கு ஓசையில்லாமல் உதவி வரும் ஒருவரைத் தேடிப் போங்கள். பெயர் தெரியாவிட்டால் கேளுங்கள்.

செபிப்போம். கைம்பெண்ணின் காசைக் கண்ட ஆண்டவரே, உம் ஏழைகளுக்குக் கொடுத்த ஒவ்வொருவரையும் நீர் பெயர் சொல்லி அறிவீர். அவர்களுள் வாழ்வோரை ஆசீர்வதியும். இறந்தோருக்கு உம் ஒளியைத் தாரும். அவர்களை அறிந்து நன்றி சொல்லும் மனத்தை எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.