நாற்காலியைப் பெற்றோம், நாவை இழந்தோம்!



பாராளுமன்றத்தில் மலையகத்தின் குரல் ஏன் மெலிந்தது என்ற வினாவுக்கு விடை காணவே இன்று ஹற்றன் நகரில் கூடியிருக்கிறோம். எண்ணிக்கை போதாமையே காரணம் என்பர் சிலர். அவ்வாறன்று என்பது எமது கருத்து. எண்ணிக்கைக் குறைவு ஒரு குறையே. தலைமையின் தளர்ச்சியோ பெருங்குறை.

வரலாற்றை நோக்குவோம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி, பதுளை, அளுத்நுவர ஆகிய ஏழு தொகுதிகளிலிருந்து எம்மவர் சபை புகுந்தனர். அவர்களிடம் மந்திரிப் பதவி இல்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர்கள் எதிர்த்து நின்றனர். செல்வநாயகம் அவர்களும் இவ்வநீதியை எதிர்த்துத் தாம் இருந்த கட்சியை விட்டு வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1949ஆம் ஆண்டுச் சட்டம் எமது வாக்கைப் பறித்தது. 1952இல் சத்தியாக்கிரகம் நடந்தது. எம்மவர் வீழ்த்தப்பட்டனரேயன்றி வாய் மூடவில்லை.

பின்னர் வந்தது இருண்ட காலம். 1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களின் தலைவிதியை எழுதிற்று. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று தேயிலைப் பெட்டிகளைப் போல எம்மை எண்ணிப் பங்கிட்டனர். தோட்ட மக்களின் வாக்கினால் தெரிவான ஒருவர்கூட அன்று சபையில் இல்லை. நாவற்ற சமூகத்துக்கு நேரும் கதி அது.

1977இல் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் அவர்கள் வென்றார், 1978இல் மந்திரியானார். அப்பதவியினால் நன்மையே விளையவில்லை என்று கூறின் அது நன்றி கொன்றதாகும். 1988ஆம், 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டங்களை நாம் மறந்துவிடவில்லை. ஆனால், மந்திரிப் பதவி ஒரு வழி என்பது போய், அதுவே முடிவு என்றாகியது. அங்கேதான் தளர்ச்சி தொடங்கிற்று.

இரண்டு சான்றுகள் கூறுவோம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணம் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடப் பிரதேச சபைக்கு வழியில்லை! அப்பிரிவு திருத்தப்பட்டது 2018இல். இடைப்பட்ட 31 ஆண்டுகளில் பெரும்பகுதியும் மலையக மந்திரிகள் அரசாங்கத்தில் அமர்ந்திருந்தனர்.

இரண்டாவது, கூலி. 2015இல் நாளொன்றுக்கு 1,000 ரூபா கேட்டோம். 2016இல் கிடைத்த மொத்தம் 730 ரூபா. 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. 2021 மார்ச்சிலேயே சம்பள நிர்ணயச் சபையின் வழியாக 1,000 ரூபா வர்த்தமானியில் வெளிவந்தது. அச்சபைகளுக்கான கட்டளைச் சட்டமோ 1941ஆம் ஆண்டு முதல் நாட்டில் இருக்கிறது! கையில் இருந்த கருவியை எடுக்க ஆறு ஆண்டுகள் ஏன் ஆயின?

கட்சிக் கட்டுப்பாட்டின் நிலையையும் கண்டோம். 2020 அக்டோபர் 22இல் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. தமிழ் முற்போக்குக் கூட்டணி எதிர்த்தது. அதன் பதுளை மாவட்ட உறுப்பினரோ ஆதரித்து வாக்களித்தார். வாக்கு விழுந்த பின்னரே தலைமையால் அவரை விலக்க முடிந்தது.

இவற்றுக்கெல்லாம் வேர் எது? தொழிற்சங்கம், கட்சி, மந்திரிப் பதவி ஆகிய மூன்றும் ஒரே கையில் குவிந்திருப்பதே. சங்கத் தலைவர் தொழிலாளிக்காக முதலாளியோடு வழக்காட வேண்டியவர். பாராளுமன்ற உறுப்பினர் அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டியவர். மந்திரியோ அதே அரசாங்கத்துக்காகப் பதில் கூற வேண்டியவர். ஒரே வழக்கில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒருவரே சட்டத்தரணியாக நிற்க நீதிமன்றம் இடங்கொடாது. எமது வழக்கில் மட்டும் அதை நாம் ஏன் பொறுத்துக்கொண்டோம்?

2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களுள் 5 தேசிய மக்கள் சக்திக்குச் சென்றன. இது பழைய தலைமைக்கு மக்கள் விடுத்த எச்சரிக்கை. ஆயினும் கொடி மாறியதனால் மட்டும் குரல் பிறந்துவிடாது. பெருங்கட்சியின் பின்வரிசையில் மௌனமாய் அமர்ந்திருப்பவரும், மந்திரி நாற்காலியில் மௌனமாய் அமர்ந்திருப்பவரும் எமக்கு ஒன்றே. இருவருக்கும் அளவுகோல் ஒன்றுதான்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். மந்திரியாகிறவர் சங்கத் தலைமையை விட்டு விலகட்டும். தோட்ட மக்களைத் தொடும் மசோதா எதுவாயினும், அது சபைக்கு வருமுன் மலையக உறுப்பினர் அனைவரும் கட்சி பேதமின்றிக் கூடி முடிவெடுக்கட்டும். மூன்று மாதத்துக்கொரு முறை ஒவ்வோர் உறுப்பினரும் தோட்டங்களுக்கு வந்து, எதைக் கேட்டேன், எப்படி வாக்களித்தேன் என்று கணக்குக் காட்டட்டும். ஹன்சார்ட் ஒளித்து வைக்கும் ஏடன்று, எவரும் படிக்கலாம்.

தோழர்களே! மாதந்தோறும் சந்தா கொடுப்பவர்கள் நீங்கள். பறித்த கொழுந்தை நிறுக்கும்போது தராசின் முள்ளை உற்றுப் பார்ப்பவர்கள் நீங்கள். ஒரு கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளையிடம் கேட்கத் தயங்காத நீங்கள், உங்கள் வாக்கின் நிறை குறையும்போது மட்டும் வாளாவிருக்கலாமா? தலைவர்களை வணங்கியது போதும். இனிக் கணக்குக் கேட்போம். கேள்வி கேட்கும் மக்களுக்கே பேசும் தலைமை வாய்க்கும்.