ஐம்பதில் வளையுமா?



“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று நம் முன்னோர் கேட்டு வைத்தார்கள். அவர்கள் கேள்வியாகக் கேட்டதை நாம் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டோம். தலை நரைத்த ஒருவர் வயலின் பெட்டியோடு தெருவில் போனால், “பேரப்பிள்ளைக்கோ?” என்றுதான் விசாரிக்கிறார்கள். “எனக்குத்தான்” என்றால் ஒரு சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்கு என்ன பதில் சொல்லலாம் என்பதே இன்றைய என் பேச்சு.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி முப்பது வருடத்துக்கு மேல் கணக்கெழுதிக் காலம் தள்ளியவன் நான். இளைப்பாறியபின், 60 வயதில், உவர்மலையில் ஒரு ரீச்சரிடம் வயலின் படிக்கத் தொடங்கினேன். ரீச்சருக்கு என் மகளின் வயது. அவர் என்னை ‘ஐயா’ என்பார். நான் அவரை ‘ரீச்சர்’ என்பேன். பாயில் என்னோடு இருப்பவர்கள், வட இலங்கைச் சங்கீத சபையின் முதலாம் தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் சின்னப் பிள்ளைகள். சரளி வரிசையை மூன்று காலத்திலும் ஓட்டிவிட்டு அவர்கள் விளையாடப் போய்விடுவார்கள். நான் இரண்டாம் காலத்தில் வில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

வயது போனவருக்கு வயலின் இலகுவான வாத்தியம் அல்ல. சம்மணமிட்டு இருந்து அதன் தலையை வலது கணுக்காலில் ஊன்ற வேண்டும்; முழங்கால் முறையிடும். வீணையில் மெட்டுகள் உண்டு, விரலுக்கு அவை வழிகாட்டும். வயலினில் அதுவும் இல்லை. விரல் மயிரிழை விலகினாலும் சுருதி விலகிவிடும். பிள்ளைகளின் விரல் தானாகப் போய்ச் சேரும் இடத்தை நாங்கள் தேடித்தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் பிள்ளை கேட்காத ஒரு கேள்வியை முதிர்ந்தவன் கேட்பான். விரலை ஏன் இந்த இடத்தில் வைக்க வேண்டும்? கம்பியின் சரிபாதி ஒலித்தால் மேல் ஸட்ஜம் பிறக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு ஒலித்தால் பஞ்சமம், நான்கில் மூன்று பங்கு ஒலித்தால் மத்திமம். வாழ்நாளெல்லாம் எண்களோடு கிடந்த எனக்கு, எண்ணுக்குள் இவ்வளவு இனிமை இருப்பது அந்த மரப்பெட்டியில்தான் தெரிந்தது.

இதே வாசலால் இசைக்குள் நுழைந்த பெரியார் ஒருவர் நம் ஊரோடு தொடர்புடையவர். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற சுவாமி விபுலாநந்தரைத்தான் சொல்கிறேன். அவர் விஞ்ஞானம் கற்பித்தவர். 1920இல் இலண்டன் பி.எஸ்சி. பட்டம் பெற்றவர்; 1924இல் துறவு பூண்டவர். 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பையும் வகித்தார். அதுவே இன்றைய ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரி. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராகப் போனபோது அவருக்கு வயது 39.

பழந்தமிழர் யாழ் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்து போயிற்று. அதை வாசிக்கவும் ஆளில்லை, பார்த்துச் செய்ய ஒரு மாதிரியும் இல்லை. சுவாமிகள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்து வைத்துக்கொண்டு, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு நரம்புகளுக்கும் கணிதத்தால் கணக்குக் கண்டார். அந்த ஆராய்ச்சியே ‘யாழ் நூல்’. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியபோது அவருக்கு வயது 55. அடுத்த மாதம் 19ஆந் திகதி அவர் மறைந்தார். அவர் மேடை ஏறிக் கச்சேரி செய்த வித்துவான் அல்லர். கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் நடுவயதில் இசையைத் தேடிப் போனதனாலேயே இந்நூல் நமக்குக் கிடைத்தது.

யாழ் நூலில் தேவாரவியல் என்றொரு பகுதி உண்டு. நம் கோணமாமலைக்குச் சம்பந்தர் பாடிய பதிகத்தின் பண் புறநீர்மை. ஓதுவார் மரபில் பகற்பண் பத்தினுள் அது முதலாவது; விடியற்காலைக்கு உரியது. சிறுவயது முதல் சுவாமிமலைப் பாறையில் நின்று கேட்ட பதிகந்தான். ஆனால் விரலால் சுரம் தேடிப் பழகியபின் கேட்டபோது, எந்தச் சுரத்தில் பாட்டு நிற்கிறது, எங்கே இறங்குகிறது என்று காது தானாகப் பின்தொடர்ந்தது. என்னால் அதைப் பிசகின்றி வாசிக்க முடியாது. கேட்க முடிகிறது. பிந்திப் படிப்பவனுக்கு முதலில் கிடைக்கும் கூலி இந்தக் காதுதான்.

வங்கத்துத் தாகூரும் இப்படி ஒருவர். கவிதைக் கையெழுத்துப் படியில் அடித்துத் திருத்திய கோடுகளே அவருக்கு உருவங்களாயின. அறுபது கடந்து ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். 1930இல் பாரிசில் முதற் கண்காட்சி வைத்தபோது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் விட்டுச்சென்ற படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல்.

பெரியவர்கள் கதை இருக்கட்டும். எங்கள் வகுப்புக்கு வாய்ப்பாட்டுப் படிக்க ஓர் அம்மா வருகிறார். 1990இல் அவருக்குப் பத்து வயது. சரளி, ஜண்டை முடித்து அலங்காரமும் முடித்திருந்தார். அடுத்த கிழமை கீதம் தொடங்குவதாக இருந்தது. அந்த அடுத்த கிழமை வரவில்லை. வீட்டை விட்டு ஓடினார்கள். சுருதிப்பெட்டி வீட்டோடு போயிற்று. பிறகு அகதி முகாம், கலியாணம், பிள்ளைகள், 2004இல் கடல்கோள். இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர் மீண்டும் பாயில் வந்து அமர்ந்து முதல் கீதத்தைப் பாடினார். அலங்காரத்துக்கும் கீதத்துக்கும் நடுவே 35 வருடம். அன்று பிள்ளைகள்கூடச் சத்தம் போடாமல் இருந்தார்கள்.

நம் பட்டினத்தில் 1983 முதல் 2009 வரை வளர்ந்தவர்களை நோக்கி அந்தப் பழமொழியைச் சொல்வது நியாயமா? ஐந்தில் வளைய அவர்கள் மறுக்கவில்லை. வளையவிட்ட காலமாக அது இருக்கவில்லை. மாலை ஆறு மணிக்குப் பின் தெருவில் இறங்க அஞ்சிய ஊரில் எந்தப் பிள்ளை பாட்டு வகுப்புக்குப் போகும்? அவர்கள் இன்று வயலினையோ தூரிகையையோ எடுத்தால், அதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. தமக்கு வரவேண்டியிருந்த நிலுவையை அவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். கணக்கெழுதியவன் என்பதால் இந்தச் சொல்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நாங்கள் யாரும் கச்சேரி செய்யப்போவதில்லை. விரல் அவ்வளவு வேகத்துக்கு இனி வராது. நினைவும் சில நாள் ஒத்துழைக்காது. ஆனால் தினம் அரைமணி நேரம் பழகினால், போன மாதம் வராத சுரம் இந்த மாதம் வரும்.

சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளோடு, பரீட்சை வேண்டாத பெரியவர்களுக்கும் கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முழங்காலுக்கு ஆகாதவர்களுக்கு ஒரு கதிரை போடுங்கள். வருவதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் இந்த ஊரில் பலர் உண்டு.