பாவு நூலும் ஓடைத் தண்ணீரும்



தொழிற்புரட்சி என்றதும் நீராவியும் நிலக்கரிப் புகையும் மான்செஸ்டரின் புகைபோக்கிகளும் கண்முன் வந்து நிற்கின்றன. பாடநூல்கள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. பருத்தி ஆலை வேர்விட்ட இடத்திலோ புகையே கிடையாது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கிராம்ஃபோர்ட் என்றொரு சிற்றூர். பக்கத்தில் ஈயச் சுரங்கங்கள், நடுவே ஓர் ஓடை. 1771-ல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தன் நூற்பாலைக்கு அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்.

ஆலைக்குள் போகுமுன் துணியைப் பார்த்துவிடுவோம். 17-ஆம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்தை இந்தியத் துணிப் பித்து பிடித்திருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சாயத்துணியைச் சீமாட்டியும் உடுத்தினாள், அவள் வீட்டுப் பணிப்பெண்ணும் உடுத்தினாள். கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். ஆசியாவின் வண்ணப் பருத்தித் துணிகளை நாட்டுக்குள் விற்க 1700-ல் நாடாளுமன்றம் தடை போட்டது. 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணி பெரும்பாலானவற்றை உடுத்துவதே குற்றமாயிற்று. சட்டத்தில் ஒரு சந்து மட்டும் இருந்தது. லினன் பாவும் குறுக்கே ஓடும் பருத்தி ஊடையும் கலந்து நெய்த ஃபஸ்டியன் துணிக்கு விலக்கு உண்டு. லங்காஷயரின் பருத்தித் தொழில் அந்தச் சந்துக்குள் புகுந்துதான் வளர்ந்தது.

பாவுக்கு ஏன் லினன்? நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இந்த அரங்கில் இருந்தால் நான் சொல்லவே வேண்டாம். பாவு தறியில் விறைத்து நிற்கும் நூல். விழுதில் உரசும், அச்சின் அடி வாங்கும். முறுக்குப் போதாவிட்டால் அறுந்துவிடும். நம் கரைப் பெண்கள் கையால் நூற்ற பருத்தி நூல் அதைத் தாங்கியது. லங்காஷயரில் நூற்றது தாங்கவில்லை. 1760-களில் ஹார்கிரீவ்ஸ் என்பவர் அமைத்த ஜென்னி என்ற நூற்புப் பொறி பல கதிர்களை ஒரே கையில் சுழற்றியது. அந்த நூலும் மெத்தென்றுதான் இருந்தது, ஊடைக்கே உதவியது. ஆகவே வேகத்தைவிட முறுக்குதான் அன்றைய சிக்கல் என்பேன்.

அதை அவிழ்த்த ஆர்க்ரைட் நெசவாளி அல்லர். பிரெஸ்டனில் பிறந்து, முடிதிருத்தும் தொழிலும் பொய்முடி வியாபாரமும் செய்தவர். அவருடைய இயந்திரத்தில் ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழலும் உருளை இணைகள் பஞ்சுத் திரியைப் படிப்படியாக இழுத்து மெலிதாக்கும்; பிறகு கதிர் முறுக்கேற்றும். 1769-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உருளை யோசனை அவருடையதல்ல. 1738-லேயே லூயிஸ் பால் அதற்குக் காப்புரிமை வாங்கி, பர்மிங்ஹாமில் கழுதைகளைக் கட்டி ஓட்டிப் பார்த்தார்; தொழில் நிலைக்கவில்லை. ஆர்க்ரைட் 1775-ல் பெற்ற இன்னொரு காப்புரிமையை 1785-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே அரசர் அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தார்! யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற வழக்கில் எனக்கு அதிக அக்கறையில்லை. ஓட்டிக் காட்டியவர் ஆர்க்ரைட்.

பருத்திப் பாவு கிடைத்ததும் பழைய சட்டமே குறுக்கே நின்றது. முழுப் பருத்தித் துணியில் அச்சிட அனுமதி வேண்டுமே! ஆர்க்ரைட் தரப்பு முறையிட, 1774-ல் உள்நாட்டில் நெய்த பருத்தித் துணிக்கு மட்டும் வழி திறந்தது. அரசு தலையிடாததால்தான் பிரிட்டன் வளர்ந்தது என்று பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகளைச் சொல்லுங்கள்: 1721, 1774.

கிராம்ஃபோர்டுக்கு வருவோம். ஈயச் சுரங்கத்திலிருந்து வடியும் நீர் குளிர்காலத்திலும் உறையாது, சக்கரம் நிற்காது. சக்கரம் நிற்காவிட்டால் ஆளும் நிற்கக் கூடாது. பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு ஷிப்டுகள், இரவும் பகலும். ஊரில் ஆள் போதவில்லை. குழந்தைகள் நிறைந்த குடும்பங்களாகப் பார்த்து அழைத்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய மூன்று மாடி வீடுகள் வடக்குத் தெருவில் இன்றும் இருக்கின்றன. மேல்மாடியில் தகப்பன் தறியில். தாயும் பிள்ளைகளும் ஆலையில். வீட்டுக்குள் ஒன்றாக நடந்த நூற்பும் நெசவும் இப்படிப் பிரிந்தன. இயந்திரத்தைவிட இந்த ஏற்பாடே பெரிய புதுமை என்பது என் கருத்து. இயந்திரத்தைப் பிரதியெடுத்தவர்கள் ஏற்பாட்டையும் சேர்த்தே எடுத்தார்கள். ஜெர்மனியின் ராட்டிங்கனில் எழுந்த ஆலைக்குக் கிராம்ஃபோர்ட் என்றே பெயர் வைத்தார்கள். ஆர்க்ரைட்டின் கூட்டாளி ஸ்ட்ரட்டிடம் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, 1790-ல் பாட்டக்கெட்டில் இந்த முறையில் நூற்கத் தொடங்கினார். எதிர்ப்பும் இல்லாமலில்லை: 1779-ல் லங்காஷயரில் சார்லி ஊருக்கு அருகே பர்க்கேக்கர் ஆலையைக் கூட்டம் ஒன்று தாக்கி எரித்தது.

இத்தனை கதிர்களுக்கும் பஞ்சு எங்கிருந்து வந்தது? 1770-களின் தொடக்கத்தில் பிரிட்டன் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பவுண்டு பஞ்சு பயன்படுத்தியது. 1790-ல் அது 3 கோடியைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு கரீபியத் தீவுகளிலும் பிரேசிலிலும் அடிமைகள் பறித்தது. பின்னர் அமெரிக்கத் தெற்கு அந்த இடத்தைப் பிடித்தது. டெர்பிஷயர் ஓடைநீரைப் புகழும்போது இதை விட்டுவிட முடியாது.

ஆலைக்குள் போன அந்தக் குழந்தைகளைப் பற்றிச் சட்டம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1802-ல் ஆலை முதலாளியான ராபர்ட் பீல் கொண்டுவந்த சட்டம் பயிற்சிச் சிறாரின் வேலையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்தியது. சம்பளம் வாங்கும் ஆலை ஆய்வாளர்கள் வர 1833 ஆயிற்று. இந்தியாவுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது, பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஒன்பது மணி நேரம் என்றது. அந்தச் சட்டம் வேண்டுமென்று நெருக்கியவர்களில் லங்காஷயர் ஆலைக்காரர்களும் இருந்தார்கள். பம்பாய் மில்களின் மலிவான நூல் அவர்கள் சந்தையைத் தொடத் தொடங்கியிருந்தது.