இசையும் இருமுனை மனநிலையும்: நம் இயக்கத்திற்கு ஒரு தன்விமர்சனம்



இந்த நினைவு மேடையில் நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம், வன்கொடுமைகளைப் பற்றிப் பேசியிருக்கிறோம், இலக்கியம் பேசியிருக்கிறோம். இம்முறை மனநோயைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், அது மருத்துவர்கள் பேச வேண்டியது இல்லையா என்று சில தோழர்கள் கேட்டார்கள். நாமும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். நம் கலைக்குழுவில் இருந்த ஒரு தம்பிதான் அதை மாற்றினார். இன்று அவரும் இந்த அரங்கில் இருக்கிறார். பெயர் சொல்லாமல் பேசுங்கள் என்று அவர் தந்த சம்மதத்தோடுதான் பேசுகிறோம்.

இன்று நாம் நினைவுகூரும் தோழரிடம் பறை கற்றவர் அந்தத் தம்பி. சாவுக்கு அடிக்க வரமாட்டோம் என்று ஊருக்கு எதிராக நின்ற குடும்பம் அவருடையது. அதே பறையை அவர் விடுதலையின் கருவியாக மேடையில் ஏந்தினார். ஒரு ஏப்ரல் 14க்கு முந்தைய வாரம் அவர் தூங்கவே இல்லை. விடிய விடிய அடித்தார். சாப்பாடு மறந்துபோனது. ஒவ்வொரு அடியிலும் செத்துப்போன தாத்தா பேசுவதாகச் சொன்னார். கடன் வாங்கி இருபது பறைக்கு முன்பணம் கொடுத்தார். தெருவில் சிலர் சாமி வந்திருக்கிறது என்றார்கள். நாம் பகுத்தறிவு பேசுகிறவர்கள் அல்லவா, போராளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றோம். கைதட்டினோம். சாமி என்றவர்களும் போராளி என்றவர்களும் ஒரு வேலையைத்தான் செய்தோம். ஒரு மனிதருக்கு உடம்பு முடியாமல் போயிருப்பதை யாருமே பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பறை ஆணியில் தொங்கியது. போய்ப் பார்த்தபோது, “சத்தம் காதுல விழுது அண்ணே, உள்ளதான் போக மாட்டேங்குது” என்றார். அப்போதும் நாம் சொன்னது என்ன தெரியுமா? “எடுத்து அடிப்பா, எல்லாம் சரியாயிடும்.”

இதற்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் பைபோலார். தமிழில் இருமுனையப் பிறழ்வு. மனம் ஒரு காலத்தில் அளவுமீறி எழும், இன்னொரு காலத்தில் அடியாழத்துக்கு இறங்கும். பிடித்த இசையைக் கேட்கும்போது மூளையில் டோப்பமின் சுரக்கிறது என்பதை 2011இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பசிக்குச் சோறு கிடைக்கும்போது மகிழ்வதும் மூளையின் இதே பகுதிகள்தான். எழுச்சிக் காலத்தில் இந்த மகிழ்ச்சிப் பாதை தூண்டலுக்கு மிக எளிதாக இணங்குகிறது. சாதாரணத் தாளமும் தனக்கென்று அனுப்பிய செய்திபோல் தோன்றலாம். சோர்வுக் காலத்தில் அதே பாதை அடைத்துக்கொள்கிறது. தம்பி சொன்ன “உள்ள போக மாட்டேங்குது” என்ற சொல்லைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பாடநூலிலும் நமக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்றும் முக்கியம்: தூக்கம் கெடுவது எழுச்சியின் அறிகுறி மட்டுமல்ல, அதைத் தூண்டிவிடவும் செய்யும். விடிய விடிய நிகழ்ச்சி நடத்தும் நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கறுப்பினப் பாடகர் நீனா சிமோனை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். வட கரோலினாவில் 1933இல் பிறந்தவர். செவ்வியல் பியானோ கலைஞராக விரும்பியவரை 1951இல் பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக்கல்லூரி சேர்த்துக்கொள்ளவில்லை. நிறமே காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். 1963 செப்டம்பரில் பர்மிங்காம் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றபோது, அவர் கோபம் ‘மிசிசிப்பி காடேம்’ என்ற பாடலாயிற்று. குடியுரிமைப் போராட்டம் அந்தக் கோபத்தைத் தன் பாடலாக்கிக்கொண்டது. அவருக்கு இருமுனையப் பிறழ்வு என்று கண்டறியப்பட்டதோ 1980களின் இறுதியில்தான். அந்தக் கோபம் நோயல்ல. அதற்குக் காரணம் குண்டு வைத்தவர்கள். ஆனால் கோபம் நியாயமானது என்பதாலேயே அதைச் சுமந்தவரின் நோய் இல்லாமல் போய்விடாது. இந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்க நாம் பழக வேண்டும். கலைஞன் என்றால் கொஞ்சம் பைத்தியம் இருக்கத்தான் செய்யும் என்று இனி ரசித்துப் பேச வேண்டாம்.

சிகிச்சைக்கு வருவோம். இந்த நோய்க்கு லித்தியம் பயன்படும் என்று 1949இல் எழுதியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். இன்றும் முதன்மையான மருந்துகளில் அது ஒன்று. ஆனால் சிலருக்கு அது கைநடுக்கம் தரும். பறை அடிப்பவருக்குக் கைநடுக்கம் என்றால் என்ன பொருள்? இடது கைச் சிண்டுக்குச்சி தாளம் தவறும். தம்பி மருந்தை நிறுத்தியது அதனால்தான். மருந்துக்குப் பயந்து ஓடினான் என்று நாம் பேசினோம். நடுக்கத்தைச் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ முடியும் என்பதை மருத்துவரிடம் கேட்டுச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை. அது மட்டுமல்ல, உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும், அது நஞ்சாகும். சித்திரை வெயிலில் மூன்று மணிநேரம் ஊர்வலத்தில் அடிப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பது உபசாரம் அல்ல, உயிர்க்காப்பு.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். நள்ளிரவில் தனியாகப் பறையடித்துக்கொண்டு ஊர்த்தெரு வழியாகப் போகும் சேரி இளைஞரை அங்கே நோயாளி என்று பார்ப்பார்களா, திமிர் என்று பார்ப்பார்களா? வசதியானவரின் பிள்ளை தூங்காமல் திரிந்தால் கார் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோவார்கள். நம் பிள்ளைக்கு அடி விழும், வழக்கு விழும். அதற்குத் தப்பினால் தர்காவிலோ கோயிலிலோ கட்டிப்போடுவார்கள். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. அரசு நிதியில் இயங்கும் சேவைகளில் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக ஒப்பிக்கும் நாம் இந்தச் சட்டத்தையும் கையில் எடுக்க வேண்டும்.

இசை மருந்தா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இசை துணை நிற்கும், மருந்தின் இடத்தைப் பிடிக்காது. யாருக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு என்பதைப் பொறுத்து அது தாங்கவும் செய்யும், தள்ளவும் செய்யும்.

இந்த உரைக்கு முன் தம்பியிடம், என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டோம். இரண்டே இரண்டு சொன்னார். “நான் விடிய விடிய அடிச்சா கைதட்டாதீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்க. பறை ஆணியில தொங்கினா எடுத்து அடின்னு சொல்லாதீங்க, பக்கத்துல வந்து உக்காருங்க.”

நம் கலைக்குழு இதை முடிவாக ஏற்றிருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் ஒத்திகை இல்லை. ஊர்வலத்தில் தண்ணீர் சுமக்க இருவர் உண்டு. மருத்துவமனைக்குப் போகும் நாளில் துணைக்கு ஒரு தோழர் போவார். சிறிய முடிவுகள்தான். ஆனால் ஒருவரின் உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கைவிடுவது யாருடைய பழக்கம் என்று நமக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பழக்கம் நம்மிடம் இருக்கக் கூடாது. நினைவுகூரப்படும் தோழருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி இதுவே.

ஜெய்பீம்.