கையெழுத்து யாருடையது?

நடுவர் அவர்களே! தலைமைக்குத் திறமை போதும் என்கிறார் எதிரணி நண்பர். 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலே எஸ்.எல்.வி.-3 கிளம்பிக் கடல்லே விழுந்தது. கம்ப்யூட்டர் நிறுத்தச் சொல்லியும் ஏவச் சொன்னவர் திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பின்னாளில் அதை ஊரறியச் சொன்னவரும் அவரேதான்! அன்றைக்குப் பத்திரிகையாளர் முன்னால் பொறுப்பேற்றவர், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் வெற்றி. அப்போது பேசக் கலாமை அனுப்பிவிட்டார்!

நான் துறைத்தலைவரான புதிது. வினாத்தாளில் ஒரு பிழை. இளம் ஆசிரியரை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். அப்புறம் மூலப்படியை எடுத்துப் பார்த்தால், கையெழுத்து என்னுடையது! திறமைக்கு என்ன குறைச்சல்? டாக்டர் பட்டமே இருக்கிறது. 'மன்னிச்சுக்கப்பா'ன்னு சொல்ல மட்டும் மூணு நாள் ஆச்சுங்க! (சிரிப்பு, கைதட்டல்)